ஈ-டைப் ஏன் கொதிக்கிறது?

1961 மார்ச் மாதம் ஜெனீவாவில் ஜாகுவார் நிறுவனம் ஈ-டைப் என்ற காரை வெளியிட்டது. மணிக்கு 150 மைல், அதாவது ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகம் போகும் என்று அறிவித்தார்கள். விமானத் தொழிற்சாலையிலிருந்து கார்த் துறைக்கு வந்த மால்கம் சேயர், மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு அதன் வளைவுகளை எண்களாகக் கணக்கிட்டு வரைந்தார். காற்றைக் கிழித்துப் போகும் நீண்ட மூக்கு. அதன் நுனியில் நீள்வட்டமாக ஒரு சிறிய வாய். 3.8 லிட்டர் இன்ஜினின் சூட்டை வாங்கிச் செல்ல வேண்டிய காற்று அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அறுபது ஆண்டுகள் கழித்து இந்தக் காரை வைத்திருப்பவர்களின் பெரிய கவலை, அது சூடேறுவதுதான். கோடையில் ஒரு சிக்னலில் சற்று நேரம் நின்றால் போதும், வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கிவிடும். உடனே பெரிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். சில கார்களில் பிரச்சினை தீர்கிறது. பல கார்களில் தீர்வதில்லை. ரேடியேட்டர் என்பது வெப்பம் கடந்துபோகும் நீண்ட பாதையில் ஒரே ஒரு கட்டம். வெப்பத்தை யாராலும் அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். அது எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்று பார்க்காமல் பாதையின் கடைசிப் பகுதியை மட்டும் அகலப்படுத்தினால், தேக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தப் பாதை நெருப்பில் தொடங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஈ-டைப் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. அந்த நெருப்புக்கு நேர் கூரையாக இருப்பதே அதுதான். அது உருகாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள். அந்த உச்ச வெப்பம் ஒவ்வொரு சுற்றிலும் கண நேரமே நீடிக்கிறது. சுவரை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயு அடுக்கும் ஓரளவு தடுப்பாக இருக்கிறது. மூன்றாவது, சுவரின் மறுபக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வண்டியை நகர்த்துகிறது. ஏறக்குறைய அதே அளவு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியை அந்தத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும்.

அந்தச் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீருக்குப் போகும் வெப்பம் 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைக் கடக்கும்போது தண்ணீர் 6 டிகிரி குளிர்கிறது என்றால், ஒவ்வொரு விநாடியும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் சுற்றி வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும் என்பதால் வரும் கணக்கு இது. அதே 30 கிலோவாட்டை ரேடியேட்டரின் மறுபக்கத்தில் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று 40 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்றால், விநாடிக்கு 600 லிட்டருக்கும் அதிகமான காற்று வேண்டும். ஒரு பக்கம் ஒரு லிட்டர், மறுபக்கம் அறுநூறு லிட்டர். ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாய்கள் குறைவாகவும் காற்று தொடும் மெல்லிய தகடுகள் கணக்கில்லாமலும் இருப்பது இந்த ஏற்றத்தாழ்வினால்தான். 1901-இல் வந்த மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மைபாக் காற்று புகும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தார். அதற்கு முன் கார்ல் பென்ஸின் முதல் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கொதிப்பு என்பதை நாம் எப்போதும் தோல்வியாகவே எண்ணுகிறோம். அப்படியல்ல. நல்ல நிலையில் உள்ள இன்ஜினிலும், புகை வெளியேறும் வால்வைச் சுற்றியுள்ள சுவரில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. பொடிப்பொடியான நீராவிக் குமிழ்கள் சுவரில் பிறந்து, பிய்ந்து, பக்கத்தில் ஓடும் சற்றே குளிர்ந்த நீரில் கரைந்துவிடுகின்றன. ஒவ்வொரு குமிழும் தன்னோடு பெரும் வெப்பத்தை எடுத்துப் போகிறது. அமைதியாக ஓடும் தண்ணீரைவிட இப்படிக் குமிழிடும் தண்ணீர் மிக வேகமாகச் சுவரைக் குளிர்விக்கும். ஆனால் சுவரின் சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் குமிழ்கள் பிய்ந்து போவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து நீராவிப் படலமாகிவிடுகின்றன. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தால், துளிகள் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டோடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். கல் குறைவாகக் காய்ந்திருந்தால் அந்தத் துளி ‘சுர்’ரென்று உடனே மறைந்திருக்கும். அதிகச் சூட்டில் துளிக்குக் கீழே நீராவி மெத்தை உருவாகி, கல்லின் வெப்பம் துளியைத் தொடாமல் தடுக்கிறது. யோஹான் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விவரித்து எழுதினார். இன்ஜினுக்குள் இது நேர்ந்தால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் உலோகத்தைத் தொடாது. அந்த ஓர் இடம் மட்டும் கட்டுக்கடங்காமல் சூடாகும். சிலிண்டர் ஹெட் வளைவதும் விரிசல் விடுவதும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான்.

ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறதே, அது இந்த எல்லையைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கூடினால் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். 15 பவுண்டு என்றால் 121 டிகிரி. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், வேறெதுவும் கெடாமலேயே அந்தக் கார் கொதிக்கும். விலை குறைந்த இந்த மூடியைத்தான் நான் முதலில் சோதிக்கச் சொல்வேன். ஆனால் பழைய காரில் கூடுதல் அழுத்த மூடியைப் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அறுபது வருடப் பழைய ஹீட்டர் குழாயும் ஈயப் பற்றுகளும் எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டனவோ அதைத்தான் தாங்கும்.

மூடியோடு சேர்த்து, முள் உண்மையைத்தான் சொல்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் வெப்பமானிக்கும் பெட்ரோல் அளவுமானிக்கும் சேர்த்து ஒரே மின்னழுத்தச் சீராக்கி இருக்கும். அதன் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து உயரும். சூடேறுவதாகத் தோன்றும் காரில் பெட்ரோலும் கூடியதாகக் காட்டினால், இன்ஜினைத் தொடவே வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை எடுத்து தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் நேராகக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சூடு உண்மைதான் என்று தெரிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது வருகிறது என்பதே. நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் காற்றில் குறை. நிற்கும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட ஏறினால் பெரும்பாலும் தண்ணீரில் குறை. நல்ல மெக்கானிக் கருவியை எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்.

தண்ணீரின் பாதையை எடுத்துக்கொள்வோம். ஈ-டைப்பில் உள்ள ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜினில் பம்ப் முன்பக்கம் இருக்கிறது. அது தண்ணீரை வார்ப்பிரும்பு பிளாக்குக்குள் தள்ளும். அங்கிருந்து ஹெட்டுக்கு ஏறி, உள்ளிழுப்புக் குழாயை ஒட்டிய தடத்தின் வழியே முன்னால் வந்து, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குப் போகும். பம்ப்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பின்கோடி சிலிண்டர். (ஜாகுவாரில் எண்ணிக்கை பின்னாலிருந்து தொடங்கும் என்பதால் அதற்குத்தான் முதல் எண்.) ஓட்டம் மெதுவாகும் இடத்தில் வண்டல் படியும் என்பது ஆற்றுக்கும் பொருந்தும், இன்ஜினுக்கும் பொருந்தும். அறுபது வருடத் துருவும் சுண்ணாம்பும் பிளாக்கின் பின்பகுதியில் இறுகிப்போய்க் கிடக்கும்.

அந்தப் படிவு வெப்பத்தை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை. வார்ப்பிரும்பு ஓரளவு நல்ல வெப்பக் கடத்தி. சுண்ணாம்புப் படிவு அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் படிவு, சிலிண்டர் சுவரின் கனத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டியது போன்ற தடையைத் தரும். இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் மாட்டினாலும், வெப்பம் தண்ணீருக்கு வந்து சேர்ந்தால்தானே அது வேலை செய்யும்? பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள உலோக அடைப்புகளைக் கழற்றி, கம்பியால் கிளறி, தண்ணீரைப் பீய்ச்சி அலச வேண்டும். எஞ்சியதை சிட்ரிக் அமிலக் கரைசல் கரைக்கும். அலுமினிய ஹெட்டை அது அரிக்கும் என்பதால் அதிக நேரம் விட்டுவைக்காமல் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அழுக்கான, பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதைச் செய்யாமல் புதுப் பொருள் வாங்குவதில் அர்த்தமில்லை என்பது என் உறுதியான கருத்து.

படிவு ஏன் இவ்வளவு சேர்கிறது? இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் சேர்ந்த ரேடியேட்டர். இத்தனை உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது மின்கலமாகிவிடும். ஏதாவது ஓர் உலோகம் கரைந்துகொண்டே இருக்கும். கூலன்ட்டில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்கள் உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் இடுகின்றன. சில ஆண்டுகளில் அவை தீர்ந்துபோகும். நிறம் பச்சையாகவே இருக்கும், காப்பு இருக்காது. ஆண்டுக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காரிலும் கூலன்ட்டை மாற்ற வேண்டியது இதனால்தான். கூலன்ட்டில் உள்ள கிளைகால் அதிகமானால் நல்லது என்பதும் சரியல்ல. உறையாமல் காப்பதில் அது கெட்டி. வெப்பம் சுமப்பதில் வெறும் தண்ணீரைவிடப் பின்தங்கியது. பனி விழாத ஊரில் ஓடும் காருக்கு அதன் பங்கைக் குறைத்து, தடுப்பான் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி தெர்மோஸ்டாட். எக்ஸ்கே இன்ஜினில் மிகவும் ரசிக்க வேண்டிய சிறு பொறி இது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல், ஒரு குறுக்கு வழியாகப் பம்ப்புக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டுமல்லவா? சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். அப்போது குறுக்கு வழியை யார் மூடுவது? மூல தெர்மோஸ்டாட்டைச் சுற்றி ஓர் உலோக உறை இருந்தது. அது எழும்போது குறுக்கு வழியின் வாயைத் தானே மூடிவிடும். ஒரே அசைவில் ஒரு கதவு திறக்க, மறு கதவு அடைபடும். இன்று பொதுவாகக் கடையில் கிடைக்கும் தெர்மோஸ்டாட் அளவில் சரியாகப் பொருந்தும். ஆனால் அந்த உறை இருக்காது. குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு எளிதான வழிதானே பிடிக்கும்? கொதிக்கக் கொதிக்க ஒரு பங்கு நீர் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே மறுபடி இன்ஜினுக்குள் போய்விடும். ‘தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போடுங்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினில் அதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உறையுள்ள சரியான தெர்மோஸ்டாட்டைத் தேடிப் போடலாம். அல்லது குறுக்கு வழியின் துளையைச் சுருக்கலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, குளிர நேரமில்லாமல் போகிறது என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். இயற்பியல் அதை ஏற்காது. வேகமாக ஓடும் நீர் ஒரு சுற்றில் குறைவாகக் குளிரும் என்பது உண்மை. ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்றுகள் வரும், ரேடியேட்டர் முழுவதும் சராசரி வெப்பநிலை கூடுதலாக இருக்கும், வெளியேறும் மொத்த வெப்பம் கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் சூடேறும் கார்களில் காரணம் வேறு: பெரும்பாலும் திறந்துவிட்ட குறுக்கு வழி; சில இன்ஜின்களில், எதிர்த் தடை போனதால் உள்ளழுத்தம் குறைந்து எளிதில் உருவாகும் நீராவிப் பைகள்.

காற்றின் பாதைக்கு வருவோம். மூக்கில் உள்ள சிறிய வாயைப் பார்த்து, அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் வாய் சிறிதாக இருப்பதில் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. குறுகிய திறப்பில் நுழையும் காற்று, உள்ளே அகன்றுகொண்டே போகும் பாதையில் வேகம் தணியும். வேகம் தணியத் தணிய அழுத்தம் ஏறும். மெதுவாக, அழுத்தத்தோடு, ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் பரவி நுழையும் காற்றுதான் குறைந்த எதிர்விசையில் அதிக வெப்பத்தை வாங்கும். 1930களில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப். டபிள்யூ. மெரடித் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ரேடியேட்டரில் சூடாகி விரிந்த காற்றை, குறுகும் வழியாகப் பின்னால் வெளியேற்றினால் அது விமானத்தை முன்னோக்கித் தள்ளவும் உதவும் என்று காட்டினார். மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றில் தொங்கும் ரேடியேட்டர் கூடு இந்தத் தத்துவத்தில் அமைந்தது. விமானத் துறையில் வேலை பார்த்த சேயரின் கைக்கு இந்த எண்ணங்கள் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

ஆனால் அகலும் பாதை வேலை செய்ய வேண்டுமானால் அதில் ஓட்டை இருக்கக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். 47 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் எடை, அவ்வளவுதான். வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். மூன்று மில்லிமீட்டர் தண்ணீர். இவ்வளவு மெலிந்த விசையைக் கொண்டுதான் நெருக்கமான தகடுகளுக்கு நடுவே காற்றைப் புகுத்த வேண்டும். ரேடியேட்டரின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியே நழுவிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த ஓரங்களில் ரப்பர் பட்டைகளும் தடுப்புத் தகடுகளும் இருந்தன. காரைப் பிரித்துச் சேர்த்துப் பளபளப்பாக்குபவர்கள் வெளியே தெரியாத இந்தப் பட்டைகளை மறந்துவிடுகிறார்கள். சில அடி நீள ரப்பரை ஒட்டினால் தீரும் கோளாறுக்குப் புது ரேடியேட்டர் வாங்கியவர்கள் உண்டு.

உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வேண்டும். ஈ-டைப்பின் பானெட்டில் வரிசையாக உள்ள செதில் திறப்புகளை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்ஜின் அறையில் அழுத்தம் தேங்கினால் ரேடியேட்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு குறைந்து, காற்று ஓட்டமே தளர்ந்துவிடும். சூடான காற்றை வெளியேற்றும் வாயில்கள் அவை. முதலில் வந்த கார்களில் இவற்றைத் தனியாகச் செய்து பானெட்டில் பற்றவைத்தார்கள். பிறகுதான் தகட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள்.

கார் நிற்கும்போது எதிர்க்காற்று பூஜ்யம். எல்லாம் ஃபேனின் தலையில். 3.8 ஈ-டைப்பில் இருந்தது ஒரு சிறிய மின்சார ஃபேன். அதற்கு மின்சாரம் தந்தது டைனமோ. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டைனமோ கொஞ்சம்தான் தரும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் மிகவும் மெலிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மூல அமைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஜாகுவாரே அப்படி நினைக்கவில்லை: 1964-இல் வந்த 4.2 லிட்டர் காரில் ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். 1968-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் வாயை அகலப்படுத்தி இரண்டு ஃபேன் கொடுத்தார்கள். இன்றைய வளைந்த இறக்கை ஃபேனை, விளிம்போடு நெருங்கிய கூடு ஒன்றுக்குள் பொருத்தி, தனி ரிலே வழியாகத் தடித்த ஒயரில் மின்சாரம் கொடுப்பதே இந்தக் காருக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம். கூடு இல்லாத ஃபேன், தள்ளிய காற்றையே இறக்கை நுனி வழியாகத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால், வெப்பம் அளவுக்கு மீறிப் பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க் தாமதமாக வந்தால் எரிதல் முடியும் முன்பே புகை வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய ஆற்றல் புகைத் துளையின் சுவரைச் சுடும். அந்தச் சுவர் ஹெட்டுக்குள்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடப் பையில் சிறு கிழிசல் இருந்தால் போதும், கார் காரணமில்லாமல் கொதிப்பதுபோல் தோன்றும். கடைசியாக ஹெட் காஸ்கெட். எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால் ரேடியேட்டரில் குமிழ் வரும். மூடித் திறப்பில் வரும் காற்றை ஒரு நீலக் கரைசல் வழியே இழுத்தால், கரியமில வாயு பட்டு அது மஞ்சளாகும். இன்ஜினைப் பிரிக்காமலே கிடைக்கும் தெளிவான சாட்சி.

வடிவமைப்பிலேயே குறை இருந்த கார்களும் இல்லாமல் இல்லை. 1970 முதல் 1977 வரை வந்த டிரையம்ஃப் ஸ்டாக் காரின் வி8 இன்ஜினில், தண்ணீர் பம்ப் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உயரத்தில் அமர்ந்திருக்கிறது. தண்ணீர் சிறிது குறைந்தாலும் முதலில் வறள்வது பம்ப்தான். வார்ப்பு மணல் நீர்த்தடங்களில் தங்கிப்போனதும் சேர்ந்துகொள்ள, அந்தக் காருக்குக் கிடைத்த கெட்ட பெயர் இன்னும் மாறவில்லை. ஆனால் தடங்களைச் சுத்தம் செய்து, தண்ணீர் மட்டத்தைக் கண்காணித்து, அதே இன்ஜினைப் பல்லாயிரம் மைல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து தண்ணீர் நிரப்பும்போது அவசரப்படக் கூடாது. ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே சிக்கிய காற்று மேலேறி வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு நீண்ட ஓட்டம். தெர்மோஸ்டாட் கூட்டிலும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் நுழையும் குழாயிலும், வெளியேறும் குழாயிலும் வெப்பநிலையை அளந்து குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த கோடையில் எது மாறியிருக்கிறது என்று உடனே தெரியும். ஓட்டம் முடிந்து இன்ஜினை நிறுத்தியதும் முள் இன்னும் சற்று ஏறும். பம்ப் நின்றுவிட்டது, ஆனால் உலோகத்தில் சேர்ந்த வெப்பம் பக்கத்தில் நிற்கும் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இது கோளாறு அல்ல. வண்டியை நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டி வந்தாலே அந்த ஏற்றம் குறைந்துவிடும்.